தலைமுழுகியாச்சு

டைம்கீப்பர் நாச்சிமுத்துவின் வீட்டில் பேட்டரி நிற்கவில்லை. வெயில் ஏறினால் மாடியில் இருக்கும் சூரியத் தகடுகள் வஞ்சனை இல்லாமல் வாங்கித்தான் கொடுத்தன. மதியத்துக்குள் பேட்டரி நூறைத் தொட்டுவிடும். அதே பேட்டரி சாயங்காலம் ஏழரைக்குள் பத்துக்கு இறங்கி, எட்டு மணிக்கு உயிரை விட்டுவிடும். தெருவில் மற்ற வீடுகளில் விடிய விடிய ஓடுகிற சாமான், இவர் வீட்டில் மட்டும் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் தாங்கவில்லை.

வேறு வீடாக இருந்தால் ஆளுக்கொரு விசிறியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடலாம். இங்கே அது நடக்காது. அவர் மனைவி துளசிமணி முப்பது வருடம் பஞ்சு மில்லில் நின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவள். சாயங்காலம் ஆனால் மூக்கில் குழாயைச் செருகி ஆக்சிஜன் மெஷினைப் போட்டாக வேண்டும். தாராபுரத்துக்கு அரசாங்கக் கரண்டு வருவது நாளைக்கு நாலே மணி நேரம், அதுவும் ராத்திரி பதினொன்றுக்கு மேல். சாயங்காலத்திலிருந்து பதினொன்று வரைக்கும் அவள் மூச்சு அந்தப் பேட்டரியின் கையில் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை நடக்கக் கூடாதது நடந்தது. எட்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது மெஷின் ஒரு கத்து கத்திவிட்டு நின்றது. மற்ற நாட்களில் எட்டுக்கு மேல் கைகொடுத்த மாற்றுச் சிலிண்டரைத் திறந்தால் அதில் ஒன்றுமே இல்லை. பார்த்து வைத்திருக்க வேண்டியவர் நாச்சிமுத்து. முப்பத்தாறு வருடம் பஸ் டிப்போவில் ஒரு வண்டியையும் ஒரு நிமிடம் தாமதமாக விடாத மனுசன், மனைவியின் சிலிண்டரைப் பார்க்க மறந்துபோனார். துளசிமணியின் உதடு நீலம் பாரித்தது. எதிர்வீட்டுச் சண்முகவேல் காரை எடுக்காமல் போயிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

இத்தனைக்கும் வீட்டில் பெட்டி இருந்தது. கூடத்துச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி. கரண்டுப் பஞ்சம் வந்த பிறகு எல்லா வீட்டுக்கும் பேட்டரியோடு சேர்த்துக் கொடுத்தது. வீட்டில் யார் என்ன பேசினாலும் அதன் காதில் விழும். "காப்பி குடிச்சாத் தேவலை" என்று யாராவது முனகினால் அடுப்பைச் சூடேற்றி வைக்கும். "வெளிய போறேன்" என்றால் விசிறியை நிறுத்தும். இருக்கிற கொஞ்சக் கரண்டை, கேட்காமலே பார்த்துப் பார்த்துப் பங்கு போடுகிற சாமர்த்தியசாலி என்று விளம்பரம். அந்தச் சாமர்த்தியசாலிதான் துளசிமணியை நட்டாற்றில் விட்டது.

புதன்கிழமை மத்தியானம் கம்பெனியிலிருந்து ரிப்பேருக்கு ரெஜினா வந்தாள். உடுமலைக்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும், வண்டியை நிறுத்தும்போதே பையிலிருந்து மீட்டரை எடுத்துவிட்டாள்.

"பேட்டரி வீணாப் போச்சுங்க, வேற மாத்திருங்க" என்றார் நாச்சிமுத்து, வா என்றுகூடச் சொல்லாமல்.

"பாத்துட்டுச் சொல்றனுங்கய்யா."

அரை மணி நேரம் பேட்டரியை நோண்டினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். "பேட்டரிக்கு ஒரு சீக்கும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது. ஆனா வீட்டுக்குள்ள யாரோ நல்லாக் குடிக்கறாங்க."

"யாரு குடிக்கறது? நானும் அவளுந்தான் இருக்கறோம். ரெண்டு லைட்டு, ரெண்டு ஃபேனு, ஒரு ஃபிரிட்ஜு. வாசிங் மெஷினைக்கூட நிறுத்திப்போட்டேன். கையிலதான் தொவைக்கறேன்."

கட்டிலில் சாய்ந்திருந்த துளசிமணி இடையில் புகுந்தாள். "அதான் அவரு சொல்றாருல்ல அம்மிணி. பேட்டரியவே மாத்திட்டுப் போயிருங்களேன். எதுக்கு இதெல்லாம் நோண்டிக்கிட்டு."

ரெஜினா கேட்கிற மாதிரி இல்லை. மின்பலகையின் மூடியைக் கழற்றி, வளையம் போன்ற அந்த மீட்டரை ஒவ்வொரு ஒயராக மாட்டிப் பார்த்தாள். ஃபிரிட்ஜ் சரி. மெஷின் சரி. மோட்டார் சரி. கடைசியாக ஒரு தடித்த ஒயர் மிச்சம் இருந்தது.

"இது எங்கீங்க போகுது?"

"அது மாடிக்கு. மேல ஒண்ணும் ஓடறதில்லை. மூணு வருசமாப் பூட்டித்தான் கெடக்குது."

மீட்டரை அதில் மாட்டினாள். பூஜ்ஜியம். உதட்டைப் பிதுக்கினாள். குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினாள், கழுவின கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "ஏனுங்கய்யா, தண்ணி வெதுவெதுன்னு வருது? தொட்டி நெலத்துக்கு அடியிலதான இருக்குது?"

"வெயில் காலந்தான" என்றார் அவர். மார்கழியிலும் அப்படித்தான் வந்தது என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.

"மேல யாருங்க இருந்தாங்க?"

பாவம், அவள் சும்மாதான் கேட்டாள். நாச்சிமுத்துவின் முகம் இறுகியது. யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு. மூன்று வருடமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில்.

"மக ஒருத்தி இருந்தா. மகிழினி. அவளத்தான் தலைமுழுகியாச்சே."

மின்பலகையில் மாட்டியிருந்த மீட்டர் பீப்பென்று கத்தியது. ரெஜினா ஓடிப்போய்ப் பார்த்தாள். மாடி ஒயரில் ஒன்பது ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஐயா, இப்ப என்னமோ சொன்னீங்களே, அது என்னங்க?"

"என்ன சொன்னேன்? மகிழினியத் தலைமுழுகியாச்சுன்னு சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

ரெஜினா மாடிச்சாவியை வாங்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாக ஏறினாள். நாச்சிமுத்து கீழேயே நின்றார். மகள் போன நாளிலிருந்து அவர் அந்தப் படியில் கால் வைத்ததில்லை. முட்டி வலி என்று வெளியில் சொல்லிக்கொள்வார்.

ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்தவள், அவருக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மீட்டரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"மேல பாத்ரூமுல கெய்சர் ஓடுதுங்க."

"யாரு போட்டது?"

"நீங்கதானுங்க போட்டீங்க." அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பெட்டிக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவங்க எங்கியோ ஏசி ரூமுல உக்காந்து குடுத்திருக்காங்க. தலைமுழுகறதுன்னா தலைக்குக் குளிக்கறதுன்னு மட்டும் எழுதி வெச்சிருக்காங்க. நம்ம பக்கம் அதுக்கு வேற அர்த்தம் இருக்கறது அவங்களுக்குத் தெரியலை. மகிழினியத் தலைமுழுகியாச்சுன்னு நீங்க சொன்னா, மகிழினிக்குத் தலைக்குத் தண்ணி வேணுமாட்டம் இருக்குதுன்னு அது எடுத்துக்குது. அவங்க பேரு இன்னும் வீட்டு ஆள் பட்டியல்ல இருக்குது. அவங்க பாத்ரூம் மேல. உடனே தண்ணியக் காய வெச்சுருது."

நாச்சிமுத்து திருதிருவென்று விழித்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. "நான் என்ன, பாட்டாப் பாடறேன்? எப்பவாச்சும் யாராச்சும் கேட்டாச் சொல்றது. அதுலயா பேட்டரி தீருது?"

"அரை மணி நேரம் யாரும் குளிக்கலைன்னா அந்தத் தண்ணியக் கீழ்த் தொட்டிக்கு இறக்கிட்டு, புதுத் தண்ணி ஏத்தி வெச்சுக்கும். அடுத்த தடவை நீங்க சொல்லையில மறுபடி முதல்ல இருந்து காய வெக்கும். ஒரு தடவைக்கு அரை யூனிட்டுக்கு மேல போயிருது." பையிலிருந்து தொடுதிரைப் பலகையை எடுத்துத் தட்டினாள், பெட்டியின் பதிவு திரையில் ஓடியது. அவள் குரல் இறங்கியது. "நாளைக்குப் பதினோரு தடவை சொல்றீங்கய்யா."

"சும்மா சொல்லாதீங்க! வீட்டுக்கு ஆளு வந்தாத்தான சொல்லுவேன்? வாரத்துக்கு ரெண்டு பேரு வந்தாப் பெருசு."

"ஆளு இருக்கும்போது சொன்னது கொஞ்சந்தானுங்க. மிச்சமெல்லாம் நீங்க தனியா இருக்கையில சொன்னது."

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். துளசிமணி கட்டிலிலிருந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "பல்லு வெளக்கையில சொல்லுவீங்க. செருப்ப மாட்டையில சொல்லுவீங்க. பேப்பர் படிச்சிட்டு இருக்கறவரு திடீர்னு சொல்லுவீங்க. வாய்க்குள்ளதான் சொல்லுவீங்க, எனக்கு நல்லாக் கேக்கும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பலகையைக் கேட்டு வாங்கினார். வரிசையாக நாளும் நேரமும். டிப்போவில் வண்டி வந்த நேரம் போன நேரம் எழுதின கண்ணுக்கு, இதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காலை ஆறு பத்து, தலைக்குளியல், மகிழினி, மாடி. ஏழு இருபது, தலைக்குளியல், மகிழினி, மாடி. பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். முதல் வருடம் நாளைக்கு இரண்டு, மூன்று. போன ஆவணியிலிருந்துதான் ஏறியிருந்தது. ஆவணியில்தான் மகிழினிக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி வந்தது. அவர் போய்ப் பார்க்கவில்லை.

முதல் பதிவுக்கு வந்தார். வைகாசி மாதம் பதினாலாம் தேதி, மாலை நாலு நாற்பது.

அந்த நேரம் அவருக்குத் தெரியும். காற்றாலைக் கம்பெனியில் வேலை பார்க்கிற, வேறு சாதிப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மகள் வாசலில் வந்து நின்ற நேரம். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிவந்து, நடுத்தெருவில் நின்று, போட்டிருந்த சட்டையோடு தலையில் கொட்டிக்கொண்டார். "மகிழினி, உன்னைத் தலைமுழுகிட்டேன், போ" என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னார். மகிழினி அழவில்லை, கெஞ்சவில்லை. அவர் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "தலையத் துவட்டுங்கப்பா, சளி புடிச்சுக்கும்" என்றாள். அவ்வளவுதான், அந்தப் பையனோடு வண்டியில் ஏறிப் போய்விட்டாள். நாலு நாள் அவருக்குச் சளி பிடித்துத்தான் கிடந்தது. அதை ஒருத்தரிடமும் அவர் சொல்லவில்லை.

அவர் தெருவில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், மாடியில் அவளுக்கு வெந்நீர் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. தெருவில் நின்று கத்தினாலும் பெட்டியின் காதில் விழும்.

"இதுக்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

"ரெண்டு வழி இருக்குதுங்க. அந்த வார்த்தைக்கு அர்த்தம் இது இல்லை, இது கோவத்துல சொல்றதுன்னு பெட்டிக்கு நான் சொல்லிக் குடுத்துரலாம். ஆனா அது கம்பெனிக்குப் போயி, அவங்க பாத்து, திரும்பி வர்றதுக்கு ரெண்டு மாசமாச்சும் ஆகும். அம்மா இருக்கற இருப்புக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுங்க." ரெஜினா அவர் முகத்தைப் பார்க்காமல் தொடர்ந்தாள். "இன்னொண்ணு, பட்டியல்ல இருந்து பேரை எடுத்துர்றது. ஒரு நிமிச வேலை. பெட்டி கேக்கும், நீங்க உங்க வாயால ஒரே ஒரு தடவை 'மகிழினி இந்த வீட்டு ஆள் இல்லை'ன்னு சொல்லணும். வீட்டுத் தலைவர் குரல் வேணும், நான் சொன்னா எடுத்துக்காது."

"இவ்வளவுதான? ஊரெல்லாம் சொன்னதுதான. கேக்கச் சொல்லுங்க."

"இதுக்கு முன்னாடியும் அது உங்களக் கேட்டிருக்குதுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா கேட்டிருக்குது. ஆறு தடவையும் 'அப்பறம் பாக்கலாம்'னு சொல்லியிருக்கீங்க."

"அப்ப வேலையா இருந்திருப்பேன்" என்றார் நாச்சிமுத்து. ரிட்டையர் ஆனவருக்கு அப்படி என்ன வேலையோ.

ரெஜினா பெட்டியில் எதையோ அழுத்தினாள். பெட்டி தெளிவான பெண்குரலில் கேட்டது: "மகிழினியை வீட்டு உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்க விரும்புகிறீர்களா? ஆம் எனில், 'மகிழினி இந்த வீட்டு ஆள் இல்லை' என்று கூறவும்."

அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். கட்டிலில் துளசிமணி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அவள் மூச்சு இழுக்கிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. இந்த மூச்சுக்காகத்தான் சொல்கிறோம், வேறு எதற்கும் இல்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"மகிழினி இந்த ஊட்டு..." என்றார். நின்றார். "மகிழினி இந்த..."

"புரியவில்லை. மறுபடியும் கூறவும்" என்றது பெட்டி.

அவர் மறுபடியும் முயன்றார். கல்யாண வீட்டில், டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், சாவு வீட்டில்கூட எத்தனையோ பேரிடம் வாய் கூசாமல் சொன்னவர். அதெல்லாம் பேச்சு, காற்றோடு போய்விடும். இது போகாது, இந்தச் சனியன் பிடித்த டப்பா சொன்னதைச் செய்துவிடும்.

"வேண்டாங்க" என்றார் கடைசியில், ரெஜினாவிடம். "விட்டுருங்க. நான் வாய அடக்கிக்கறேன். சொன்னாத்தான காயுது? சொல்லாம இருந்துக்கறேன்."

"முடியுமாங்கய்யா?"

"முடியணும். அவ மூச்ச நாந்தான இத்தன நாளாக் குடிச்சிருக்கேன்."

ரெஜினா சாமான்களை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். நாச்சிமுத்து அந்தப் பலகையை இன்னும் கையில் வைத்திருந்தார். மறுபடி ஓட்டிப் பார்த்தார். செய்த பாவத்தின் கணக்கு மொத்தமாகக் கண்ணில் படட்டும் என்றுதான் பார்த்தார். அப்போதுதான் அது தட்டுப்பட்டது.

ஒவ்வொரு குளியலுக்கும் பக்கத்தில் 'தொட்டிக்கு இறக்கம்' என்று இருந்தது. எல்லாவற்றுக்கும் அதே. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், காலை ஒன்பதரை மணிப் பதிவுக்குப் பக்கத்தில், 'பயன்பாடு, நாற்பது லிட்டர்' என்று இருந்தது. ஒரு வெள்ளி தப்பாமல். கார்த்திகையிலிருந்து நாற்பது லிட்டர் ஐம்பத்தைந்து ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குத்தான் அவர் டிப்போவுக்குக் கிளம்புவார். பழைய ஆட்களோடு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வரப் பன்னிரண்டரை ஆகும். அவருடைய நேரம் தெருவுக்கே தெரியும், ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாது.

தலையைத் தூக்கினார். துளசிமணியின் கண் அவர் கையிலிருந்த பலகையிலேயே இருந்தது. ரெஜினா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகப் பலகையை அவர் கையிலிருந்து வாங்கி, "இதுல அப்பப்பத் தப்பாவும் காட்டுமுங்க" என்று முணுமுணுத்துவிட்டு, பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டிப் போனது.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அவர்.

"ம்."

"எத்தன நாளா?"

"அவ போயி ரெண்டு மாசத்துல தெரியும். மேல ஒட்டடை அடிக்கப் போனேன், கொழாயில வெந்நீ வந்துச்சு. அப்பறம் கவனிச்சுப் பாத்தேன், நீங்க சொல்ற போதெல்லாம் காயுது." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "வெள்ளிக்கெழமையானா நாந்தான் உங்க வாயக் கிளறுவேன். இன்னைக்கு அவ இருந்திருந்தா எண்ணெ தேச்சு உட்டிருக்கலாம்னு சொல்லுவேன். நீங்க செருப்ப மாட்டிக்கிட்டே பொரிஞ்சு தள்ளீட்டுப் போவீங்க. நீங்க தெருமுக்குத் திரும்புனதும் அவ பின்வாசல் வழியா வருவா. நா தேச்சு உடுவேன், அவ எனக்குத் துணியத் தொவைச்சு, சோறாக்கி வெச்சிட்டுப் போவா."

வெள்ளிக்கிழமைச் சோறு எப்போதும் கொஞ்சம் குழைவாக இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. மகிழினி வைக்கும் சோறு குழையும். எத்தனையோ தடவை அதற்குத் திட்டியிருக்கிறார். மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை தோறும் அதைத் தின்றுவிட்டு, ஒரு வார்த்தை கேட்காமல் கையைக் கழுவியிருக்கிறார்.

"செவ்வாய்க்கெழம உதடெல்லாம் நீலமாப் போச்சே, துளசி. பேட்டரி ஏன் தீருதுன்னு உனக்குத் தெரியும். அப்பக்கூடச் சொல்லலியே?"

"சொன்னா ரிப்பேருக்கு ஆளு வரும். ஆளு வந்தா அவ பேர எடுத்துப்போடுவாங்க." அவள் குழாயை எடுத்து மூக்கில் செருகிக்கொண்டாள். "நீங்க எடுத்துருவீங்கன்னு நெனச்சேனுங்க. அதான் இன்னைக்கு எனக்கு உசுரே இல்லை."

நாச்சிமுத்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மனைவி தன் மூச்சைவிடப் பெரிதாக நினைத்த பேரை, அவர் நாளைக்குப் பதினோரு தடவை காலில் போட்டு மிதித்துக்கொண்டிருந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்கத் தெரியாத வம்சம் அவருடையது. கையை மட்டும் அவள் கால் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கார்த்திகையிலிருந்து கூடுதலாகப் போன பதினைந்து லிட்டர் மனதில் கிடந்தது. குழந்தைக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்கும் யோக்கியதை இல்லை என்று பட்டது. கேட்கவில்லை.

அன்று சாயங்காலத்திலிருந்து வாயை அடக்கினார். சொல்லும்போது தெரியாத கஷ்டம், சொல்லாமல் இருக்கும்போது தெரிந்தது. பால் பாக்கெட்டை வெட்டும்போது அந்த வார்த்தை வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். வேட்டியைக் கட்டும்போது வந்தது, விழுங்கினார். வியாழக்கிழமை காலையில் ஒரு தடவை அசந்துவிட்டார். இத்தனை நாள் காதில் விழாத கெய்சர் முனகல் மாடியில் எழுந்ததும் தலையில் அடித்துக்கொண்டு, போய் வாயில் தண்ணீரை ஊற்றிக் கொப்பளித்தார். அந்த வார்த்தையை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து நின்றது. தலையத் துவட்டுங்கப்பா. அது இன்னும் மோசமாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் எட்டு மணிக்குப் பெட்டியைப் பார்த்தார். பேட்டரியில் அறுபத்தொன்று இருந்தது. மெஷின் சீராக ஓடிக்கொண்டிருந்தது, துளசிமணி ஒரு பக்கமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். சந்தோசப்பட்டிருக்க வேண்டும். அவர் அந்த அறுபத்தொன்றை வைத்துக் கணக்குப் போட்டார். தினமும் அவளிடமிருந்து அவர் பிடுங்கிக்கொண்டது இவ்வளவு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத் துளசிமணி ஒன்றும் பேசவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். இனி எந்த முகத்தோடு வாயைக் கிளறுவது என்று இருந்திருப்பாள். இனி வெந்நீர் இல்லை என்றும் நினைத்திருப்பாள்.

நாச்சிமுத்து பீரோவைத் திறந்தார். வெகுநேரம் எதையோ தேடினார். பிறகு மாடிப்படிக்குப் போனார். முதல் படியில் காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நாலு படிதான் ஏறினார், அதற்கு மேல் தெம்பு வரவில்லை. கைப்பிடிக் கம்பியில் ஒரு புதுத் துண்டைப் போட்டார். அதற்குப் பக்கத்தில், நேற்றுக் கடைவீதியில் வாங்கி வந்த, கையகலத்துக்குக் கொஞ்சம் பெரிதான சின்னத் துண்டு ஒன்றையும் போட்டார்.

கீழே வந்து செருப்பை மாட்டினார். துளசிமணி திரும்பிப் படியைப் பார்த்தாள். பெரிய துண்டைப் பார்த்தாள், சின்னத் துண்டைப் பார்த்தாள். வாயில் முந்தானையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"ஈரத்தலையோட உடாத" என்றார் அவர், அவள் பக்கம் பார்க்காமல். "சளி புடிச்சுக்கும்."

வாசலுக்கு இறங்கினார். கேட்டைத் திறந்தார். திரும்பி நின்று, மூன்று வருடத்துக்கு முன்னால் கத்தின அதே குரலில், தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"மகிழினியத் தலைமுழுகியாச்சு!"

மாடியில் கெய்சர் முனக ஆரம்பித்தது. எதிர்வீட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த சண்முகவேல் கையில் ஈரத்துணியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்க டைம்கீப்பரே, மூணு வருசமாச்சு. இன்னுமா ஆறலை?"

நாச்சிமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதரை. அரை மணி நேரத்துக்குள் யாரும் குளிக்கவில்லை என்றால் பெட்டி தண்ணீரை இறக்கிவிடும்.

"ஆறறதுக்குள்ள வந்துருவாங்க" என்று சொல்லிவிட்டு, பின்வாசல் இருக்கும் திசையைத் திரும்பிப் பார்க்காமல் தெருமுக்கை நோக்கி வேகமாக நடந்தார்.